உயர்கல்வி மாணவரும் உறைவிடமும்

உயர்கல்வி நாடிக் கோலாலம்பூருக்கு வரும் மாணவர் ஒருவர் முதலில் தேடுவது நூலகத்தை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அவர் முதலில் தேடுவது படுக்க ஓர் இடத்தை. பட்டமேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி ஒரு வாரம் நிலைக்கும். எட்டாம் நாள், “எங்கே தங்குவது? மாதம் எவ்வளவு ஆகும்?” என்ற கேள்விகள் எழும். இவற்றுக்கு விடை காண முடியாமல், வந்த இடத்தையே கைவிட்டு ஊர் திரும்பிய பிள்ளைகளை நாம் அறிவோம். அறிவுக் குறைவாலோ முயற்சிக் குறைவாலோ அவர்கள் திரும்பவில்லை. வாடகைக் கணக்கு ஒத்துவராமையால் திரும்பினார்கள். ஆகவே இதனை வீட்டுச் செலவுக் கணக்கு என்று ஒதுக்காமல், கல்வியைப் பற்றிய ஒரு கேள்வியாகவே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பழைய வழி

மாணவர்க்கு உண்டியும் உறையுளும் அளிப்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் 1802-இல் ஒரத்தநாட்டில் எழுப்பிய முத்தம்பாள் சத்திரத்தில் வழிப்போக்கர்க்கு உணவிட்டதோடு, பிள்ளைகளுக்குக் கல்வியும் அளித்து வந்தனர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தபோது, எங்கே உண்பது, எங்கே தங்குவது என்பதே அவர் குடும்பத்தாரின் பெருங்கவலையாக இருந்தது. பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனத்தின் ஆதரவு கிடைத்த பிறகே அக்கவலை நீங்கிப் பாடம் தடையின்றி நடந்தது. இதனை அவர் தம் ‘என் சரித்திர’த்தில் விரிவாகக் கூறியுள்ளார். ஏட்டுச் சுவடிகளைத் தேடி அச்சேற்றிய அப்பெரியாரின் உழைப்புக்குப் பின்னால் ஒரு மடத்தின் அடுக்களையும் இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

மலாயாவுக்கு வந்த தமிழரிடத்தும் இத்தகைய கூட்டு வாழ்க்கை இருந்தது. நகரத்தார் சமூகத்தினர் தொழில் நடத்திய ‘கிட்டங்கி’களில், நீண்ட கூடம் ஒன்றில் பல கடையினர் பெட்டகமும் மேசையும் வைத்துத் தொழில் செய்வர், இரவில் அவ்விடத்திலேயே பாய் விரித்துப் படுப்பர், சமையல் எல்லார்க்கும் பொது. இடத்துக்குரிய செலவைப் பலர் பகிர்ந்துகொண்டமையால் ஒருவர்மேல் விழுந்த சுமை சிறிதாயிற்று. இன்று நான்கு மாணவர் ஒரு வீடெடுத்துத் தங்குவதன் பொருளியலும் இதுவேயாகும்.

சிக்கனத்துக்கு மற்றோர் எடுத்துக்காட்டு, 1888 முதல் 1891 வரை இலண்டனில் சட்டம் பயின்ற காந்தியடிகள். அவர் காசு காசாகக் கணக்கு எழுதினார். முதலில் ஒரு குடும்பத்தாரோடு தங்கினார். பிறகு தனியே இரண்டு அறைகள் எடுத்தார். பின்னர் அதையும் விட்டு ஓர் அறைக்கு மாறி, அடுப்பு ஒன்று வாங்கிக் காலையும் இரவும் தாமே உணவு சமைத்துக்கொண்டார். வண்டிச் சத்தத்தை மிச்சப்படுத்த நாள்தோறும் எட்டுப் பத்து மைல் நடந்தார். நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் மூன்று பென்ஸில் வாழ முடிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். இங்கே நாம் உற்று நோக்கவேண்டியது அவர் குறைத்த வரிசையை. முதலில் அறையைக் குறைத்தார், அடுத்து உணவையும் பயணத்தையும் குறைத்தார். படிப்பில் கை வைக்கவில்லை.

செங்கற்சூளையும் இருப்புப் பாதையும்

இனி நம் ஊருக்கு வருவோம். 1881-இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய வீடுகள் அழிந்தன. 1882-இல் சிலாங்கூர் ரெசிடெண்டாகப் பதவியேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்பவேண்டும் என்று வற்புறுத்தினார். அதற்கு வேண்டிய செங்கல்லைச் சுட்ட இடமே பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது. 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வேயின் இருப்பிடமாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுத்தர்களும் நிலைய அதிகாரிகளும், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரும் அங்கே குடியேறினர். 1904-இல் தொடங்கப்பெற்ற விவேகானந்த ஆசிரமம், கந்தசுவாமி கோயில் போன்றவை அக்குடியேற்றத்தின் சின்னங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் மாணவர்க்கு மலிவான இடமாக நெடுங்காலம் விளங்கியதற்கு ஒரு சட்டமும் காரணம். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 ஜனவரி 31-க்குள் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயரவிடாமல் தடுத்து வைத்திருந்தது. எனவே பழைய கடைவீடுகளின் மேல்மாடி அறைகள் எளியோர்க்குக் கிடைத்தன. 1997-இல் அச்சட்டத்தை நீக்க முடிவாயிற்று; இடைக்காலச் சலுகைகள் 1999-ஆம் ஆண்டோடு முடிவுற்றன. 2001-இல் பழைய இரயில்வே நிலத்தில் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 2010-இல் அப்பகுதி ‘லிட்டில் இந்தியா’ என்று அழகுபடுத்தப்பட்டது. கட்டுப்பாடு நீங்கியது ஒருபுறம், நிலத்தின் மதிப்பு உயர்ந்தது மறுபுறம். இரண்டுக்கும் நடுவில் மாணவரின் மலிவான அறை மறைந்து போயிற்று.

பல்கலைக் கழகமும் விடுதியும்

மலாயாப் பல்கலைக் கழகம் 1949 அக்டோபர் 8-ஆம் நாள் சிங்கப்பூரில் தோன்றியது. 1959-இல் கோலாலம்பூர்ப் பிரிவு தனித்தியங்கத் தொடங்கி, 1962 ஜனவரி முதல் நாள் தனிப் பல்கலைக் கழகமாயிற்று. 1956-இல் நிறுவப்பெற்ற இந்திய இயல் துறையும் சிங்கப்பூரிலிருந்து இங்கு வந்தது. அத்துறையில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் முழக்கத்தோடு கோ. சாரங்கபாணி நிதி திரட்டினார். தோட்டத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் தம்மால் இயன்றதை ஈந்தனர். 1966-இல் தனிநாயக அடிகளாரின் முயற்சியால் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு இப்பல்கலைக் கழகத்தில்தான் கூடியது. இத்தகைய துறையில் ஆராய்ச்சி செய்ய வரும் ஏழை மாணவர் ஒருவர்க்கு, அத்துறையிலிருந்து மூன்று மைல் தொலைவில் தங்க இடமில்லை என்றால் அந்நிதியின் நோக்கம் முற்றுப்பெற்றதாகுமா?

பல்கலைக் கழகங்களின் விடுதிகள் உள்ளவற்றுள் மலிவானவை என்பதில் ஐயமில்லை. ஆயின் அவை பெரும்பாலும் இளங்கலை மாணவரை முன்னிட்டே அமைந்தவை. இளங்கலை மாணவர் பருவந்தோறும் வந்து விடுமுறையில் ஊர் செல்வர். ஆராய்ச்சி மாணவர்க்குப் பருவமும் இல்லை, விடுமுறையும் இல்லை. சிலர் மணமானவர், சிலர் பகலில் வேலை பார்ப்பவர். எனவே விடுதிக்கு விண்ணப்பம் போடுவதோடு நில்லாமல், வெளியிடத்தையும் உடன் தேடுவதே அறிவுடைமை.

வெளியிடம் என்று பார்த்தால், 1950-களில் புதுநகராக உருவான பெட்டாலிங் ஜெயாவின் 17-ஆம் பிரிவு, பல்கலைக் கழகத்தை அடுத்திருப்பதால் மாணவர் வாழும் இடமாக நெடுநாள் பெயர் பெற்றது. கிரிஞ்சி, பந்தாய் டாலாம் பகுதிகளின் அடுக்குமாடி வீடுகள் மற்றொரு வகை. பழைய கிள்ளான் சாலை ஓரத்துத் தாமான்கள் மூன்றாவது வகை. பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக் கழகத்திலும் செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக் கழகத்திலும் பயில்வோர்க்கு, அவ்வூர்களிலேயே அறை எடுப்பது பெரும்பாலும் நலம். நகர நடுவிலிருந்து நாள்தோறும் அங்குச் செல்வது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகும்.

கிள்ளானா, பிரிக்பீல்ட்ஸா?

நம் மாணவர் பலரை மயக்கும் கேள்வி இது. கிள்ளானில் உறவினர் இருப்பர், வாடகை குறைவு, தெங்கு கிளானா சாலையில் நம்மவர் கடைகள் உண்டு. ஆயின் தொலைவு முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. கிள்ளானில் கொம்யூட்டர் இரயில் ஏறி, அப்துல்லா ஹுக்கும் நிலையத்தில் இறங்கி, எல்.ஆர்.டி. வண்டியில் கிரிஞ்சியைத் தாண்டினால் ‘யுனிவர்சிட்டி’ நிலையம் வரும். சென்ட்ரல் வரை சென்று திரும்பவேண்டிய தேவையில்லை. பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர்க்கோ சென்ட்ரலிலிருந்து அந்நிலையம் நான்காவது நிறுத்தமே.

ஒரு கணக்குப் போடுவோம். தொகைகள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. வாசகர் தம் தொகையை இட்டுப் பார்க்கலாம். கிள்ளானில் அறை 400 வெள்ளி, பிரிக்பீல்ட்ஸில் 700 வெள்ளி. வேறுபாடு 300 வெள்ளி என்று மேலோட்டமாகத் தோன்றும். கிள்ளானிலிருந்து போக வர நாளொன்றுக்கு 9 வெள்ளி என்று கொண்டால், மாதம் 20 நாளுக்கு 180 வெள்ளி. பிரிக்பீல்ட்ஸ் மாணவர்க்கு, மலேசியக் குடிமக்களுக்கென உள்ள 50 வெள்ளி மாதச் சீட்டு எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேப்பிட் பேருந்து ஆகியவற்றுக்குப் போதும். இச்சீட்டு கொம்யூட்டருக்குச் செல்லாது. தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து பயில்வோர்க்கும் கிடையாது. ஆக, கிள்ளானில் மொத்தம் 580 வெள்ளி; பிரிக்பீல்ட்ஸில் 750 வெள்ளி. உண்மையான வேறுபாடு 170 வெள்ளியே.

இத்தொகையை மிச்சப்படுத்த, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பயணத்தில் கழிகிறது என்று கொள்வோம். 20 நாளில் 40 மணி நேரம். 170-ஐ 40-ஆல் வகுத்தால் 4 வெள்ளி 25 காசு. அதாவது அம்மாணவர் தம் ஒரு மணி நேரத்தை 4 வெள்ளி 25 காசுக்கு விற்கிறார். 2025-இல் இந்நாட்டில் வகுக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கு 8 வெள்ளி 72 காசு. கடையில் சாமான் அடுக்குபவர் பெறும் கூலியில் பாதிக்கும் குறைவான விலைக்கு ஆராய்ச்சி மாணவர் தம் நேரத்தை விற்கலாமா?

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. பாடமெல்லாம் முடிந்து, ஆய்வேடு எழுதும் நிலையில், மாதம் எட்டு நாள் மட்டும் பல்கலைக் கழகம் செல்பவரை எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் அவர் செலவு 400-உம் 72-உமாக 472 வெள்ளி. மாதச் சீட்டை அப்படியே வைத்துக்கொண்டால் பிரிக்பீல்ட்ஸில் 750 வெள்ளிதான். வேறுபாடு 278 வெள்ளி. கூடுதல் பயணமோ 16 மணி நேரமே. இப்பொழுது ஒரு மணி நேரத்துக்கு 17 வெள்ளிக்கு மேல் மிச்சமாகிறது. ஆகவே எந்த ஊர் மலிவு என்பதற்கு ஒரே விடை இல்லை. மாதத்தில் எத்தனை நாள் போகவேண்டும் என்பதே அதனைத் தீர்மானிக்கிறது. முதலாண்டில் அருகிலும், எழுதும் ஆண்டில் தொலைவிலும் தங்குவதே பலர்க்குப் பொருந்தும் வழி.

முன்பணமும் ஒப்பந்தமும்

மாத வாடகையைவிட மாணவரைத் தடுமாறச் செய்வது முதல் நாள் கொடுக்கவேண்டிய தொகை. இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்று வாங்குவதே இங்குள்ள வழக்கம். 1,600 வெள்ளி வாடகை வீடானால் 3,200-உம் 800-உம் 1,600-உம் சேர்ந்து 5,600 வெள்ளி. நால்வர் பகிர்ந்தாலும் ஆளுக்கு 1,400 வெள்ளி. உதவித்தொகை கைக்கு வருமுன் இதனைக் கட்டியாக வேண்டும். தோட்டத்துப் பெற்றோர் பலர் நகையை அடகு வைப்பது பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்காக மட்டுமன்று, இம்முன்பணத்துக்காகவுமே.

இவ்வகையில் என் அனுபவம் ஒன்றைக் கூறுவது பிறர்க்குப் பயன்படலாம். பட்டமேற்படிப்பின்போது நண்பர் இருவரோடு பிரிக்பீல்ட்ஸில் ஒரு மேல்மாடி அறையில் தங்கியிருந்தேன். எல்லாம் வாய்ப்பேச்சு; கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. “நம்மவர்தானே, எழுத்து எதற்கு?” என்றார் அறையைக் கொடுத்தவர், நாங்களும் தலையசைத்தோம். ஓராண்டு கழித்துக் காலி செய்தபோது, சுவரில் கறை, குழாயில் பழுது என்று கூறி முன்பணம் முழுவதையும் அவர் வைத்துக்கொண்டார். அக்கறையும் பழுதும் நாங்கள் வந்த நாளிலேயே இருந்தவை. அதனை மெய்ப்பிக்க எங்களிடம் ஒன்றுமில்லை. மூவரில் ஒருவர், அடுத்த அறைக்கு முன்பணம் கட்ட வழியின்றிப் படிப்பை ஒரு பருவம் ஒத்திப்போட்டார். அவர் திரும்பி வரவேயில்லை.

ஆகவே நான்கு செய்திகளை நினைவில் வைத்தல் நன்று. முதலாவது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். அதற்கு முத்திரைத் தீர்வை செலுத்தவேண்டும். 1949-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டப்படி, தீர்வை செலுத்தாத பத்திரம் நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படாது. இரண்டாவது, குடிபுகும் நாளிலேயே சுவர், குழாய், விளக்கு, கட்டில் யாவற்றையும் படம் பிடித்து வீட்டுக்காரர்க்கு அனுப்பிவிடவேண்டும். கையிலிருக்கும் தொலைபேசியே இதற்குப் போதும். மூன்றாவது, பணம் வாங்குபவர் வீட்டின் உரிமையாளரா, அவரிடம் வாடகைக்கு இருப்பவரா என்று கேட்டறியவேண்டும். பின்னவராயின், மறுவாடகைக்கு விட உரிமையாளர் இசைந்துள்ளாரா என்றும் பார்க்கவேண்டும். நான்காவது, சட்டம் மாணவரை முற்றும் கைவிட்டுவிடவில்லை. வாடகைக் காலம் முடிந்தும் ஒருவர் வெளியேறாவிட்டால், நீதிமன்றத்தின் வழியாக அன்றி அவரை வெளியேற்றக் கூடாது என்று 1950-ஆம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டம் கூறுகிறது. பூட்டை மாற்றுவதும் சாமானைத் தெருவில் எறிவதும் முறையல்ல. 5,000 வெள்ளி வரையிலான தொகைக்கு, வழக்கறிஞர் இன்றியே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்குத் தொடுக்கலாம். எங்கள் மூவர்க்கும் அன்று இது தெரியாமற் போயிற்று.

இன்னொன்றையும் மறைக்காமல் கூறவேண்டும். வாடகை விளம்பரங்களில் இன்ன இனத்தார்க்கு மட்டுமே என்று குறிப்பிடும் வழக்கம் இந்நாட்டில் உண்டு. இந்தியர் என்று அறிந்ததும் தொலைபேசியை வைத்துவிடுவோரும் உளர். ஓர் இனத்தார்க்குக் கிடைக்கும் வீடுகளின் எண்ணிக்கை இவ்வாறு குறையும்போது, எஞ்சிய வீடுகளுக்கு அவர்கள் கூடுதல் விலை கொடுக்க நேர்கிறது. பிரிக்பீல்ட்ஸும் கிள்ளானும் நம் பிள்ளைகளை ஈர்ப்பதற்கு வாழை இலைச் சாப்பாடு மட்டும் காரணமன்று. அங்கே கதவு திறக்கும் என்ற நம்பிக்கையும் காரணம். அந்நம்பிக்கையை நம்மவராகிய வீட்டுக்காரர் காப்பாற்றவேண்டாமா?

உணவு

உணவுச் செலவில் மிகுதியாகக் கசிவது சிறு தொகைகளே. காலையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும், மாலையில் மீண்டும் ஒரு தே தாரிக் என்று ஒட்டுக்கடையில் கழியும் காசு, மாத முடிவில் கூட்டிப் பார்த்தால் வியப்பூட்டும். மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு சோற்றுப் பானையும் ஓர் எரிவாயு அடுப்பும் வைத்துக்கொண்டு, முறைவைத்துச் சமைப்பதே சிறந்த வழி. இரவுச் சந்தையில் கடை கட்டும் நேரத்தில் காய்கறி மலிவாகக் கிடைக்கும். அரிசியும் பருப்பும் மொத்தமாக வாங்கிப் பகிரலாம். அறை பார்க்கும்போதே, “சமைக்கலாமா?” என்று கேட்டுவிடவேண்டும். சமைக்க இடந்தராத அறை, வாடகை ஐம்பது வெள்ளி குறைவாக இருந்தாலும் முடிவில் விலை கூடியதே.

சமூகத்தின் கடமை

இதுவரை கூறியவை மாணவர் செய்யத்தக்கன. சமூகம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. மயிலாப்பூரில் 1905-இல் தொடங்கிய இராமகிருஷ்ண மாணவர் இல்லம், ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உறைவிடமும் தந்து நூறாண்டைக் கடந்து நிற்கிறது. அது ஒரு சில மாணவரைக் கொண்டே தொடங்கப்பட்டது. நம் கோயில்களுக்கும் சங்கங்களுக்கும் கூட்டுறவு அமைப்புகளுக்கும் நகரில் கட்டடங்கள் உள்ளன. அவற்றுள் சிலவற்றின் மேல்மாடிகள் ஆண்டில் பல நாள் பூட்டியே கிடக்கின்றன. ஒரு மாடியில் பத்துக் கட்டில், ஒரு பொது அடுக்களை, எழுத்தில் ஒழுங்குமுறை, நியாயமான வாடகை, இவ்வளவே தேவை. புதிதாக எதுவும் கட்டவேண்டியதில்லை. அதுவும் இயலாதெனில், முன்பணத்தை மட்டும் வட்டியின்றிக் கடனாகத் தந்து, வீடு காலி செய்யும்போது திரும்பப் பெறும் ஒரு நிதியையேனும் ஏற்படுத்தலாம். ஒரு மாணவர் திருப்பிய 1,400 வெள்ளி அடுத்த மாணவர்க்குப் பயன்படும், முதல் கரையாது.

தோட்டத்துத் தொழிலாளர் அன்று தம் கூலியிலிருந்து எடுத்துக் கொடுத்த காசு பல்கலைக் கழகத்தில் தமிழுக்கு ஓர் இடம் தேடித் தந்தது. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று அவ்விடத்துக்குத் தகுதியோடு வருகிறார்கள். இரவில் அவர்கள் தலை சாய்க்க ஓர் இடம் தேடித் தருவது நம் பொறுப்பு.